லினக்ஸில் எந்த மானிட்டரில் சத்தம் வரவேண்டும்? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் லினக்ஸ் கணினியோடு இரண்டு மானிட்டர் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். டியூஷன் சென்டரில் ஒரு திரை ஆசிரியருக்கு, இன்னொன்று பிள்ளைகளைப் பார்த்தபடி. சத்தம் ஆசிரியர் பக்கமே வருகிறது. கல்யாண வீடியோ எடிட் செய்கிற கடையில், வாடிக்கையாளருக்குக் காட்டுகிற திரையில் படம் ஓடுகிறது, நாதஸ்வரம் மட்டும் கேட்பதில்லை.

எல்லோரும் வால்யூமில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் தொட வேண்டிய இடம். முதலில் கேபிளும் மானிட்டரும், அடுத்து சவுண்ட் கார்டின் ப்ரொஃபைல் (கார்டிலிருந்து ஒலி எந்த வழியில் போக வேண்டும் என்ற அமைப்பு), அதற்கடுத்து டீஃபால்ட் அவுட்புட், கடைசியில் செயலி. இந்த வரிசை மாறினால், சரியான பட்டனை அழுத்தினாலும் பலன் தெரியாது. மேலே இருக்கிற படி சரியாகாமல் கீழே இருக்கிற படியில் அந்த மானிட்டரின் பெயரே வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்ப்ளே அமைப்பில் ஒரு திரையை ப்ரைமரி ஆக்குவதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. வீடியோ ஜன்னலை இழுத்து அடுத்த திரைக்குக் கொண்டுபோனாலும் சத்தம் கூடவே போகாது. படமும் ஒலியும் லினக்ஸில் தனித்தனியே நிர்வகிக்கப்படுகின்றன.

1. தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேபிளைப் பாருங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், படம் அனுப்பக்கூடிய யூஎஸ்பி-சி, இந்த மூன்றும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும். நீல முனை விஜிஏ கேபிளில் ஒலி போகவே போகாது. டிவிஐ முனையை நம்பியும் இறங்க வேண்டாம்.

பழைய மானிட்டரை மலிவாக வாங்கியவர்கள் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் போட்டிருப்பார்கள். அதில் பக்கவாட்டில் ஒரு 3.5 மி.மீ. ஓட்டை இருந்தால் ஒலி அங்கேதான் வெளியே வரும். அதில் ஸ்பீக்கர் மாட்டுங்கள். மானிட்டரில் காது வைத்துப் பயனில்லை.

அடுத்து, மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்கிறதா? விலை குறைந்த பலவற்றில் ஸ்பீக்கர் கிடையாது, பின்னால் ஹெட்போன் ஓட்டை மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட மானிட்டரும் கணினியிடம் "எனக்கு ஒலி அனுப்பலாம்" என்றே சொல்லும். அதனால் பட்டியலில் பெயர் வருவதை வைத்து ஸ்பீக்கர் இருப்பதாக முடிவு செய்யாதீர்கள்.

மென்பொருளில் ஒன்றே ஒன்று போதும்: பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல். பொதியின் பெயர் பாவுகண்ட்ரோல். பி, ஏ, வி, யூ என்ற நான்கு எழுத்தோடு கண்ட்ரோல் என்ற சொல்லை ஒட்டி எழுதினால் சாஃப்ட்வேர் ஸ்டோரில் கிடைக்கும். செயலிகளின் ஒலியை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பும் மென்பொருளை ஒலி சர்வர் என்பார்கள்; பல்ஸ்ஆடியோ பழையது, பைப்வயர் புதியது. பெயரில் பல்ஸ்ஆடியோ என்று இருந்தாலும் பைப்வயரிலும் இது அப்படியே வேலை செய்கிறது. ஃபெடோரா 34, உபுண்டு 22.10, லினக்ஸ் மின்ட் 22 ஆகியவற்றிலிருந்து பைப்வயர்தான் டீஃபால்ட். பழைய குறிப்புகளைப் பார்த்து பல்ஸ்ஆடியோவை நீக்கு, திரும்பப் போடு என்று இறங்காதீர்கள். நீக்கும்போது டெஸ்க்டாப்பின் பகுதிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும் அபாயம் உண்டு.

கீழே வரும் டெர்மினல் கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து. எதற்கும் சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓடச் சொல்லும் முன்சொல்) போடாதீர்கள். ஒலி சர்வர் உங்கள் பயனர் கணக்கில் ஓடுகிறது. சூடோ போட்டால் ரூட் என்ற நிர்வாகி கணக்கில் தேடும், ஒன்றுமே கிடைக்காது.

2. மானிட்டரை முதலில் உயிரோடு வையுங்கள்

இரண்டு மானிட்டரையும் ஆன் செய்து, படம் வந்த பிறகுதான் ஒலி அமைப்பைத் திறக்க வேண்டும். மானிட்டர் விழித்திருக்கும்போதுதான் "என் பெயர் இது, இந்த வகை ஒலியை ஏற்பேன்" என்ற தகவல் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. அது போகாவிட்டால் லினக்ஸ் அந்த வாயிலை (கேபிள் செருகும் போர்ட்டை) 'அன்ப்ளக்டு', அதாவது செருகப்படவில்லை, என்று எழுதிவிடும்.

நம் பக்கம் கரண்ட் போய் வரும்போது இதுதான் நடக்கிறது. கணினி யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும், மானிட்டர் மட்டும் அணைந்திருக்கும். ஒலி அந்த நேரத்தில் வேறு வாயிலுக்குத் தாவிவிடும். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டினால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பிறகு மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள், பட்டன் எல்லாம் அதன் விளிம்பிலேயே இருக்கும். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கலாம், மியூட்டில் இருக்கலாம். சில மாடல்களில் ஆடியோ சோர்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அது அனலாக்கில் இருந்தால் எச்டிஎம்ஐ ஒலி கேட்காது. கணினியில் எவ்வளவு தேடினாலும் இந்த மியூட்டைக் காட்டாது. அதனால்தான் இதை முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

காசிமேடு, எண்ணூர் மாதிரி கடற்காற்று படும் இடங்களில் கேபிள் முனைகளையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். முனை கறுத்திருந்தால் வேறு கேபிள் போட்டுச் சோதித்த பிறகு மேலே போங்கள்.

3. எந்தப் பெயர் எந்த மானிட்டர்?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று: ஒலிப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டிய மானிட்டரும் 'எச்டிஎம்ஐ' என்ற தலைப்பிலேயே வரும். டிஸ்ப்ளேபோர்ட் என்று தனியாகத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

இரண்டு: பட்டியலில் இருக்கும் எண்ணுக்கும் கேபினெட்டின் பின்னால் இருக்கும் வாயில்களின் வரிசைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. இடமிருந்து இரண்டாவது ஓட்டை என்பதால் எச்டிஎம்ஐ 2 என்று நினைக்காதீர்கள்.

மூன்று: எண்ணுகிற முறையே இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒலி சர்வருக்கும் கீழே இருக்கும் லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு அல்சா; டெர்மினலில் அதன் பட்டியல் பூஜ்யத்தில் தொடங்கும்: எச்டிஎம்ஐ 0, எச்டிஎம்ஐ 1. பாவுகண்ட்ரோலில் முதலாவதற்கு எண்ணே கிடையாது, அடுத்தது எச்டிஎம்ஐ 2. ப்ரொஃபைலின் உள்பெயரில் முதலாவது எச்டிஎம்ஐ-ஸ்டீரியோ, இரண்டாவது எச்டிஎம்ஐ-ஸ்டீரியோ-எக்ஸ்ட்ரா1. ஆக, எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2, எக்ஸ்ட்ரா1 ஆகிய மூன்றும் ஒரே வாயிலைக் குறிக்கலாம். இது தெரியாமல் "நான் சரியாகத்தானே போட்டேன்" என்று தவிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பு அவர்கள் மேல் இல்லை.

அடையாளம் காண, டெர்மினலில் ஏப்ளே என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் எல் போடுங்கள். கார்டு எண், டிவைஸ் எண், பெயர் என்று வரிசையாக வரும். எச்டிஎம்ஐ வாயில்களுக்கு டிவைஸ் எண் பெரும்பாலும் 3, 7, 8 என்று போகும். ஓரளவு புதிய கெர்னலாக இருந்தால் சதுர அடைப்புக்குள் மானிட்டரின் மாடல் பெயரே தெரியும். அதை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

இரண்டு மானிட்டரும் ஒரே மாடல் என்றால் பெயர் உதவாது. அப்போது பாவுகண்ட்ரோலில் கடைசியில் இருக்கும் கான்ஃபிகரேஷன் தாவலைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு மானிட்டரின் கேபிளைக் கழற்றுங்கள். ப்ரொஃபைல் பட்டியலில் எந்த வரியில் 'அன்ப்ளக்டு' என்று சேர்கிறதோ, அதுதான் அந்த மானிட்டர். பவர் பட்டனை அணைத்துப் பார்ப்பது போதாது, சில மானிட்டர்கள் அணைந்த பிறகும் இணைப்பில் இருப்பதாகவே காட்டும்.

4. ப்ரொஃபைலை மாற்றுதல்

எல்லாவற்றுக்கும் நடுநாயகமான படி இது.

ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் மூன்று, நான்கு வாயில் இருந்தாலும் ஒலிக்கு அது பெரும்பாலும் ஒரே சவுண்ட் கார்டாகத்தான் தெரியும். அந்தக் கார்டில் ஒரு நேரத்தில் ஒரு ப்ரொஃபைல்தான் இயங்கும். பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் தண்டவாளம் வியாசர்பாடிப் பக்கமும் கொருக்குப்பேட்டைப் பக்கமும் பிரிகிறதே, அங்கே பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். ப்ரொஃபைல்தான் அந்தப் பாயிண்ட். அது முதல் மானிட்டர் பக்கம் இருக்கும்வரை இரண்டாவது மானிட்டர் அவுட்புட் பட்டியலில் தலைகாட்டவே செய்யாது.

கான்ஃபிகரேஷன் தாவலில் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள். என்விடியா, ஏஎம்டி கார்டென்றால் தனி வரியாக இருக்கும். 'ஆஃப்' என்று இருந்தால் அந்தக் கார்டே ஒலிக்கு இல்லாத மாதிரிதான். கீழிறங்கும் பட்டியலில் 'டிஜிட்டல் ஸ்டீரியோ எச்டிஎம்ஐ அவுட்புட்', 'டிஜிட்டல் ஸ்டீரியோ எச்டிஎம்ஐ 2 அவுட்புட்' என்று வரும். மூன்றாம் படியில் எழுதிவைத்ததைப் பார்த்து உங்கள் மானிட்டருக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள்.

சரவுண்ட் 5.1, 7.1 என்றும் வரிகள் இருக்கும். மானிட்டர் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோதான் சரி. எண் பெரிதாக இருக்கிறதே என்று 7.1 எடுத்தால், பேச்சுக்குரல் போகும் நடு சானலை மானிட்டர் விட்டுவிடக்கூடும்; இசை கேட்கும், வசனம் கேட்காது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இன்டெல் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் ஹெட்போன் ஓட்டையும் எச்டிஎம்ஐயும் ஒரே 'பில்ட்-இன் ஆடியோ' கார்டில் இருக்கும். எச்டிஎம்ஐ ப்ரொஃபைலுக்கு மாற்றிய உடனே ஹெட்போன் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். பலர் இதைப் பார்த்துப் பயந்து எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். ஒன்றும் கெடவில்லை, ப்ரொஃபைலைத் திருப்பினால் ஹெட்போன் திரும்ப வந்துவிடும்.

அதே கணினிகளில் மைக்கும் போய்விடலாம். பட்டியலில் 'எச்டிஎம்ஐ அவுட்புட்' என்று மட்டும் ஒரு வரி, 'எச்டிஎம்ஐ அவுட்புட் பிளஸ் அனலாக் ஸ்டீரியோ இன்புட்' என்று இன்னொரு வரி இருக்கும். ஆன்லைன் வகுப்பு எடுக்கிறவர்கள் எடுக்க வேண்டியது இரண்டாவது. இல்லையென்றால் மானிட்டரில் சத்தம் வரும், ஆனால் உங்கள் குரல் பிள்ளைகளுக்குப் போகாது. புதிய இன்டெல் லேப்டாப் பலவற்றில் எச்டிஎம்ஐ வாயில்கள் தனித்தனி அவுட்புட்டாகவே வந்துவிடும். உங்களுடையது அப்படியென்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ மூன்றும் லினக்ஸின் டெஸ்க்டாப் வகைகள். க்னோம் வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸ், சவுண்ட், அவுட்புட் என்று போனாலே இரண்டு மானிட்டரும் பட்டியலில் இருக்கும். தேர்ந்தெடுத்தால் ப்ரொஃபைலை அதுவே பின்னால் மாற்றிக்கொள்ளும். கேடிஇயில் சவுண்ட் பக்கத்தில் ப்ரொஃபைலை நீங்களே மாற்ற வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயில் பாவுகண்ட்ரோல்தான் வழி. பக்கத்துக் கடையில் க்னோமில் ஒரே சொடுக்கில் நடந்தது நம் கணினியில் ஏன் நடக்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

5. டீஃபால்ட் ஆக்குதல்

ப்ரொஃபைல் சரியான பிறகு அவுட்புட் டிவைசஸ் தாவலுக்குப் போங்கள். இப்போது உங்கள் மானிட்டர் அங்கே இருக்கும். அதன் வலப்பக்கம் பச்சை டிக் பட்டன் இருக்கிறது, அதை அழுத்துங்கள். இனி புதிதாகத் திறக்கும் செயலிகளின் ஒலி இங்கே வரும். அதற்குப் பக்கத்திலேயே மியூட் பட்டன் இருப்பதால் கை தவறி அதை அழுத்தியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

6. காதால் அல்ல, கம்பியால் சோதியுங்கள்

டெர்மினலில் ஸ்பீக்கர்-டெஸ்ட் என்று தட்டி, மைனஸ் சி 2, மைனஸ் டி வேவ் என்று சேர்த்து ஓட்டுங்கள். டி என்பது டெஸ்டில் வரும் டி. வேவ் என்பது டபிள்யூ, ஏ, வி என்ற மூன்றெழுத்து. ஒரு குரல் இடம், வலம் என்று ஆங்கிலத்தில் மாறி மாறிச் சொல்லும். நிறுத்த கண்ட்ரோலும் சியும்.

அது ஓடும்போது பாவுகண்ட்ரோலில் உங்கள் மானிட்டருக்குக் கீழே இருக்கும் அளவுக் கம்பியைக் கவனியுங்கள். கம்பி ஆடுகிறது, சத்தம் கேட்கவில்லை என்றால் லினக்ஸ் சரியான வாயிலுக்கு ஒலியைக் கொடுத்துவிட்டது. முதலில், நீங்கள் நினைக்கிற மானிட்டர்தானா அது என்று மூன்றாம் படியில் பாருங்கள். அது சரியென்றால் கோளாறு கேபிளிலோ மானிட்டர் மெனுவிலோ இருக்கிறது, இரண்டாம் படி. கம்பியே ஆடவில்லை என்றால் ஒலி வேறு எங்கோ போகிறது. நான்கு, ஐந்தைத் திரும்பப் பாருங்கள். கேட்கவில்லை என்ற ஒரே புகாரை இந்தக் கம்பி இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இதைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் சொல் பாதி வெட்டுப்படுகிறது என்றால், அது பெரும்பாலும் உறக்கத்தால் வருவது. ஒலி ஏதும் இல்லாமல் 5 வினாடி போனால் சர்வர் அந்த வாயிலைத் தூங்கவைக்கும்; மானிட்டர் மறுபடி விழிக்க அரை வினாடி எடுக்கும். ஒரு வரியை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும் மொழி வகுப்புக்கு இது பெரிய இடைஞ்சல். பைப்வயரோடு சேர்ந்து ஓடி அதை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பரின் அமைப்பில் சஸ்பெண்ட் டைம்அவுட் என்ற மதிப்பை 0 ஆக்கினால் தூங்காது.

7. அடம்பிடிக்கும் செயலிகள்

டீஃபால்ட் மாறிவிட்டது, சோதனைக் குரல் சரியான திரையில் வருகிறது, பிரவுசர் மட்டும் பழைய இடத்திலேயே பாடுகிறதா? முன்பு எப்போதோ அந்தச் செயலியை நீங்கள் தனியாக ஒரு வாயிலுக்கு அனுப்பியிருப்பீர்கள். ஒலி சர்வர் அதை ஞாபகம் வைத்திருக்கிறது.

செயலியில் ஏதாவது ஒலி ஓடவிட்டுக்கொண்டே ப்ளேபேக் தாவலுக்குப் போங்கள். ஒலி ஓடாதபோது அந்தச் செயலி அங்கே தெரியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் வரியில் இருக்கும் கீழிறங்கும் பட்டியலில் மானிட்டரை மாற்றினால் போதும்.

விஎல்சியில் ஆடியோ மெனுவுக்குள் ஆடியோ டிவைஸ் என்று தனியாக இருக்கிறது. ஜூம் போன்றவற்றில் ஸ்பீக்கர் தேர்வு அவற்றின் உள்ளேயே உண்டு. அங்கே குறிப்பிட்ட பெயர் ஒன்று பதிந்திருந்தால் சிஸ்டம் டீஃபால்ட் என்று மாற்றிவிடுங்கள்.

இங்கே செய்யக் கூடாத ஒன்று: ஹோம் கோப்புறையில் அல்சாவுக்கு ஒரு அமைப்புக் கோப்பு எழுதி, கார்டு எண்ணைப் போட்டு முடிப்பது. அப்படி எழுதினால் சில செயலிகள் ஒலி சர்வரைத் தாண்டி நேராகக் கார்டைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை ஊமையாகும். அடுத்து வந்து சரிசெய்கிறவருக்கும் காரணம் புரியாது.

8. மறுநாள் காலையிலும் நிலைக்க

தேர்வுகளை ஒலி சர்வர் தானாகவே சேமித்துக்கொள்கிறது. கணினியை ஆன் செய்யும் முன் மானிட்டரை ஆன் செய்யும் பழக்கம் இருந்தால் பெரும்பாலும் வேறொன்றும் தேவைப்படாது.

ஆனால் பல கை தொடும் கடைக் கணினியில் அதை எதிர்பார்க்க முடியாது. அங்கே இரண்டு வரி ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதிவைத்த சின்னக் கோப்பு) ஒன்றை எழுதி, ஒரு விசைக் குறுக்குவழியில் வைத்துவிடுவது நல்லது. சத்தம் மாறிவிட்டால் யார் வேண்டுமானாலும் அழுத்திக்கொள்ளலாம்.

அதற்கான டெர்மினல் கட்டளை பிஏசிடிஎல். அதில் சிங்க் என்றால் அவுட்புட். பெயர்களைத் தெரிந்துகொள்ள பிஏசிடிஎல் லிஸ்ட் கார்ட்ஸ், பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சிங்க்ஸ் என்ற இரண்டையும் ஓட்டுங்கள். ஸ்கிரிப்டில் முதல் வரி பிஏசிடிஎல் செட்-கார்ட்-ப்ரொஃபைல், அதன் பின் கார்டின் பெயர், ப்ரொஃபைலின் பெயர். இரண்டாவது வரி பிஏசிடிஎல் செட்-டீஃபால்ட்-சிங்க், அதன் பின் அவுட்புட்டின் பெயர். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் வேலை நடக்காது. ப்ரொஃபைல் மாறுவதற்கு முன் அந்த அவுட்புட் உலகத்திலேயே இல்லை. நடுவில் ஸ்லீப் 1 என்று ஒரு வரி சேர்ப்பது பாதுகாப்பு.

எண்களைப் போடாதீர்கள், முழுப் பெயரைப் போடுங்கள். அவுட்புட் எண்கள் ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் மாறக்கூடியவை. இன்று ஓடிய ஸ்கிரிப்ட் நாளை வேறு வாயிலைத் திறந்துவிடும்.

9. இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால்

இரண்டு மானிட்டரும் வேறு வேறு கார்டில் இருந்தால் எளிது. பிஏசிடிஎல் லோட்-மாட்யூல் என்று தட்டி, மாட்யூல்-கம்பைன்-சிங்க் என்று சேர்த்தால், இருக்கிற அவுட்புட் எல்லாவற்றுக்கும் ஒன்றாக அனுப்பும் புது அவுட்புட் ஒன்று தோன்றும். அதை ஐந்தாம் படியில் சொன்னபடி டீஃபால்ட் ஆக்குங்கள்.

இரண்டும் ஒரே கார்டில் என்றால், சாதாரண ப்ரொஃபைலில் ஒரு வாயில்தான் திறந்திருக்கும் என்று பார்த்தோம். பைப்வயரில் கான்ஃபிகரேஷன் தாவலில் 'ப்ரோ ஆடியோ' என்ற ப்ரொஃபைல் உண்டு. அதை எடுத்தால் எல்லா வாயிலும் ஒரே நேரத்தில் தனித்தனி அவுட்புட்டாக வந்துவிடும். பெயர்களில் ப்ரோ 3, ப்ரோ 7 என்று இருக்கும்; மூன்றாம் படியில் எழுதிய டிவைஸ் எண்கள்தான் அவை. பிறகு மேலே சொன்ன கம்பைன் கட்டளை.

பில்ட்-இன் ஆடியோ கார்டில் ப்ரோ ஆடியோ போட்டால் ஹெட்போன் செருகியதும் ஸ்பீக்கர் தானாக அடங்கும் வசதி போய்விடலாம் என்பதால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் மட்டும் இதைச் செய்யச் சொல்வேன். இரண்டு மானிட்டரும் ஒலியை வெளியிட எடுக்கும் நேரமும் சற்று வேறுபடும். அறையின் இரண்டு மூலையில் வைத்தால் எதிரொலி மாதிரி கேட்கும். டியூஷன் சென்டரில் பிள்ளைகள் பக்கத்துத் திரைக்கு மட்டும் ஒலி கொடுத்து, ஆசிரியருக்கு ஹெட்போன் வைப்பதே தெளிவாகக் கேட்கிறது.